கரையும் கல்லின் மேல் ஒரு குடாநாடு

எங்கள் டெல்டாவில் கல் என்பது வெளியூர்ச் சரக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் களியும் வண்டலும் மணலும்தான் வரும். அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வண்டியேறி வந்தவை. தண்ணீருக்கோ கண்ணுக்குத் தெரிந்த வழி உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு வந்து, கிளை பிரிந்து, வாய்க்காலில் இறங்கி, மடையைத் தொடும். எவன் மடையை அடைத்தான் என்று வரப்பில் நின்று சண்டை போடவும் முடியும்.

அப்படி வளர்ந்தவனுக்கு யாழ்ப்பாணக் குடாநாடு விடுகதை போட்டது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரி மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும். தொண்டைமானாறு என்பது பெயரில்தான் ஆறு. உண்மையில் அது கடல்நீரேரி. மலை இல்லை. பெரிய அணை இல்லை. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆனால் சித்திரை வெயிலில் நான் போனபோது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் பச்சை கட்டி நின்றன. இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்படி வருகிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஊர் ஊராகக் கிணறுகளை எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். விடை முழுவதும் ஒரு புவியியல் சொல்லுக்குள் இருந்தது: கார்ஸ்ட்.

கோப்பாய் தாண்டி, நீர்வேலி

நகரத்தை விட்டுப் பருத்தித்துறை வீதியில் ஏறியதுமே மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. கோப்பாய்க்கு அப்பால் செங்கல் தூளைக் கொட்டிப் பரப்பினது போன்ற சிவப்பு. நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர். பனைமட்டை வேலிக்கு அப்பால் இறைப்பு மிசின் ஓடும் சத்தம் கேட்டு ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தேன். வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"இந்தியாவில இருந்தோ? வாங்கோ தம்பி. கிணறு பார்க்கவோ வந்தனீங்கள்?" என்று சிரித்தார். கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். பழைய துலாவின் கல்தூண்கள் மட்டும் நின்றன. முன்பெல்லாம் ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் பட்டையில் வரும் தண்ணீரை வாய்க்காலில் ஊற்ற, விடியுமுன் தொடங்கி இறைப்பு நடக்குமாம். இப்போது எல்லாம் மிசின்.

கிணற்றின் சுவரைக் காட்டினார். மேலே இரண்டு முழத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே கீழே கீழே வெள்ளைக் கல்.

"அலவாங்கு போகாது தம்பி. என்ர அப்பு காலத்தில வெடி வைச்சு வெட்டின கிணறு. அந்தா, மேற்கு மூலையில ஒரு வெடிப்புத் தெரியுதெல்லோ, அதுதான் ஊத்துக்கண். அதாலதான் தண்ணி வருது. பக்கத்து வளவுக் கிணத்துக்கு உப்பிடிக் கண் கிடைக்கேல்லை. ஒரு மணித்தியாலம் இறைச்சா அவங்களுக்கு வத்திப் போகும். எனக்கு நாள் முழுக்க இறைக்கலாம்."

இரண்டு கிணறுகளுக்கும் இடையே ஒரு வேலிதான். எங்கள் ஊரில் இப்படி நடக்காது. மணலில் தண்ணீர் பரந்து நிற்கும். என் போரில் இருப்பது பக்கத்து வீட்டுப் போரிலும் இருக்கும். இங்கே தண்ணீர் பரந்து நிற்கவில்லை, வழி பிடித்து ஓடுகிறது. வழி எவன் கிணற்றில் வாய் திறக்கிறதோ அவனுக்கு யோகம்.

கிணற்றடியில் கிடந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். உடைந்த முகத்தில் சிப்பியின் வரிகள், விரல் நகம் அளவு, அப்படியே பதிந்திருந்தன. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய கடும்பாறை. வடக்கும் வடமேற்கும் மட்டும் வேறு. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை கரையோரமாக ஒரு சுண்ணாம்புக்கல் படுகை நீள்கிறது. மயோசீன் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து கல்லானது அது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் டைனோசர்கள் நடமாடிய காலத்தது. யாழ்ப்பாணத்துக் கல் அதைவிட மிக இளையது. வடிவு கலையாத சிப்பி கையில் தட்டுப்படுகிறது.

வீட்டம்மா பனங்கட்டியோடு தேநீர் தந்தார். உள்ளங்கையில் ஒரு கடி பனங்கட்டி, பிறகு ஒரு மிடறு சாயத் தண்ணீர். கேத்தில் அடுப்பிலேயே இருந்தது. மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன், அவருக்கு ஆச்சரியம். உட்புறம் முழுவதும் வெள்ளைப் படை, தட்டினால் செதிலாக உதிரும் தடிப்பில். "புளி போட்டு அவிச்சாத்தான் போகும் பிள்ளை" என்றார். குடாநாட்டின் கதை முழுவதும் அந்தக் கேத்திலுக்குள் இருக்கிறது.

மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவை இன்னும் அதிகமாக எடுத்துக்கொண்டு, மிக மெல்லிய அமிலமாகிவிடுகிறது. சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான். கருங்கல்லுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுண்ணாம்புக்கல்லோ கரைகிறது. வெடிப்பின் இரு பக்கத்தையும் தின்றபடி நீர் இறங்குகிறது; மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் அளவாகி, பல ஆயிரம் ஆண்டுகளில் ஆள் நுழையும் அளவாகிறது. கல்லைச் சுமந்த அந்த நீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் கரியமில வாயு பறந்துவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகி ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சொல்லுக்கு வரலாம். கார்ஸ்ட் என்பது ஒரு பாறையின் பெயர் இல்லை. நீரில் கரையக்கூடிய பாறை, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், நெடுங்காலம் கரைந்து வெடிப்பும் குழியும் குகையும் குழாயுமாக உட்புறம் திறந்துகொள்ள, மேலே ஓடவேண்டிய நீர் அந்த வழிகளில் இறங்கி நிலத்துக்கு அடியிலேயே ஓடும் நிலப்பரப்புக்குத்தான் அந்தப் பெயர். கரையும் கல், கரைக்கும் நீர், கரைந்ததால் உண்டான வழி என்ற மூன்றும் சேர வேண்டும். சுண்ணாம்புக்கல் இருக்கிற இடமெல்லாம் கார்ஸ்ட் ஆகிவிடாது. உள்ளே வழி திறந்திருக்க வேண்டும். இத்தாலியின் திரியெஸ்தே நகருக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இடையிலுள்ள கிராஸ் என்ற பீடபூமியின் பெயரே ஜெர்மன் மொழி வழியாக உலகெங்கும் பரவியது. யோவான் ஸ்விஜிச் என்ற செர்பியப் புவியியலாளர் 1893இல் எழுதிய நூலுக்குப் பிறகு அது ஓர் அறிவுத்துறையாகவே வளர்ந்தது.

நவக்கிரி: நிலாவரை

நிலாவரைக் கிணற்றுக்கு ஆழம் கிடையாது என்று சிறுவயதில் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன். படி இறங்கி எட்டிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. சற்றே பச்சை கலந்த நீலம். ஓரக் கல் கொஞ்ச தூரம் கலங்கலாகத் தெரிந்து, பிறகு இருட்டு. இராமர் வானரப் படையின் தாகம் தீர்க்க அம்பு எய்த இடம் என்பது ஊர்வழக்கு. அளந்து பார்த்தவர்கள் 50 மீட்டருக்குச் சற்று மேல் என்கிறார்கள். அடியில் பழைய மாட்டு வண்டிகள் கிடப்பதாகவும் பேச்சு.

அங்கேதான் மாஸ்டரைச் சந்தித்தேன். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். சுற்றுலா வந்த பிள்ளைகளுக்குத் தாமாகவே விளக்கிக்கொண்டிருந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்ட என்னைப் பிடித்துப்போய், அடுத்த ஊர்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்தார்.

"இது ஒருத்தரும் வெட்டின கிணறில்லை" என்றார். உள்ளே கல் கரைந்து வெற்றிடமாகி, கூரை தாங்காமல் இடிந்து விழுந்தால் இப்படி ஒரு வாய் திறக்கும். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தின் வடபகுதியும் இப்படித்தான்: தட்டையான சுண்ணாம்புக்கல், ஆறே கிடையாது, கல் இடிந்த குழிகளில் தண்ணீர். மாயா மக்களின் நகரங்கள் அந்தக் குழிகளை நம்பித்தான் எழுந்தன. கடல் மட்டத்துக்கு இவ்வளவு கீழே கல் எப்படிக் கரைந்தது என்றும் கேட்டேன். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தே வந்திருக்கலாம். நிலத்தடி நீரும் அப்போது தாழ்ந்து ஓடியது; ஆழத்தில் கல்லைக் கரைக்க அதற்குக் காலம் கிடைத்தது.

நிலாவரையின் மேல்நீர் நன்னீர். கீழே போகப் போக உவர். யாழ்ப்பாணத்தின் உயிர்நிலையே இந்த ஒரு வரிதான். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. மூன்று பக்கமும் கடல்நீர் ஊடுருவிய கல்லுக்குள், மழையில் இறங்கிய நன்னீர் அதன்மேல் மிதக்கிறது; ஆப்பத்தைப் போல நடுவில் தடிப்பாகவும் கரையோரம் மெலிந்தும். கணக்கு வியப்பானது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். டச்சுப் பொறியாளர் பாடன் கைபென், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்ட விதி இது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு முழம் இறக்கினால், கீழிருந்து உவர்நீர் நாற்பது முழம் ஏறி வரக் காத்திருக்கிறது.

"எங்கட சனம் இதைப் படிக்காமலே தெரிஞ்சு வைச்சிருந்தது. துலாவால இறைச்ச காலத்தில மனிசன் களைச்சுப்போவான், கிணறு தப்பிச்சுது. மிசினுக்குக் களைப்பில்லை" என்றார் மாஸ்டர்.

மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலை

நிலாவரையில் ஒரு தேசிக்காயைப் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1901 ஆகஸ்டில் பிரான்சின் போந்தார்லியே ஊரில் இருந்த பெர்னோ மது ஆலை தீப்பற்றியது. வெடித்துவிடுமோ என்று பயந்து பெருமளவு அப்சிந்த் மதுவை தூ என்ற ஆற்றில் திறந்துவிட்டார்கள். இரண்டொரு நாளில், மலைக்கு அப்பால் வேறொரு பள்ளத்தாக்கிலுள்ள லூ ஆற்றின் ஊற்றில் அப்சிந்த் வாசம் அடித்தது. ஆற்றின் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல் மலைக்குள் புகுந்து மறுபுறம் ஊற்றாக வெளிவருவது அப்படித்தான் தெரிய வந்தது. பிறகு 1910இல் சாயம் கலந்து அதை உறுதி செய்தார்கள். இன்றும் கார்ஸ்ட் ஆய்வாளர்கள் ஓரிடத்தில் சாயத்தைக் கரைத்து, எங்கே நிறம் வருகிறது என்று காத்திருக்கிறார்கள். தேசிக்காய் போட்டுப் பார்த்த மூதாதையர் கேட்டதும் இதே கேள்விதான்.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலைக் கடந்தால் வீதி மெல்ல உயர்ந்து, பிறகு கடலை நோக்கி இறங்குகிறது. வழியெல்லாம் கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்து வளர்ந்த ஆலங்கன்றுகள். 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள். உயர் பாதுகாப்பு வலயமாகப் பூட்டிக் கிடந்து சிறிது சிறிதாகத் திரும்பக் கிடைத்தவை. திரும்பி வந்த ஒரு அம்மா, வளவை அடையாளம் கண்டது எப்படி என்று சொன்னார்: "வீடு இல்லை பிள்ளை, வேலி இல்லை. கிணறு இருந்தது. கட்டில கை வைச்ச உடன தெரிஞ்சிட்டுது எங்கடதெண்டு."

கீரிமலையில் கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். அலை அடிக்கும் ஈரம் முகத்தில் படுகிறது. இந்தப் பக்கம் இறங்கிக் குளித்தால் நன்னீர்! குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி முகம் மாறினாள் என்பது தலபுராணம். கீரிமுக முனிவர் நகுலர் பெயரில் நகுலேஸ்வரம் நிற்கிறது. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய ஊரே திரளும். ஆண்களின் கேணியில் இறங்கி, கல்லோரம் காலை வைத்துத் துழாவினேன். ஓரிடத்தில் நீர் குளிர்ந்து தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளங்கால் அளவு இடுக்குதான், ஆனால் காலை அங்கேயே வைத்திருக்கவிடாத வேகம்.

உள்நாட்டில் பெய்த மழை, அந்தக் கிணறுகளுக்கெல்லாம் கொடுத்தது போக மீதி, இப்படிக் கடலோரம் வந்து வெளியேறுகிறது. எங்கள் டெல்டாவில் ஆறு கடலைச் சேர்வதைப் பார்க்கக் கண் போதும். இங்கே ஓர் ஆற்றின் முகத்துவாரத்தை உள்ளங்காலால்தான் உணர முடிந்தது.

காங்கேசன்துறை

1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. நாற்பது ஆண்டுகள் நாட்டுக்குச் சீமெந்து தந்த கல், குடாநாட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் அதே கல்தான். கல் எடுத்த பள்ளங்கள் இன்னும் அகன்று கிடக்கின்றன. மாஸ்டர் அங்கே அதிகம் பேசவில்லை. "வேலை குடுத்தது, அதையும் சொல்லத்தான் வேணும்" என்றார்.

சுன்னாகம்

திரும்பும் வழியில் சுன்னாகம். இங்கே கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது என்ற குற்றச்சாட்டு 2014, 2015 வாக்கில் பெரிதாக எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே இயங்கிய தனியார் மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று குடத்தோடு வாசலில் காத்திருந்த நாட்களை ஒரு அக்கா சொன்னார். "கிணத்தடியில பிறந்து வளர்ந்தனாங்கள் தம்பி. கிணத்தை மூடி வைச்சிட்டு வீதியில நிண்டம்."

கார்ஸ்ட் என்ற சொல்லை ஏன் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களை இங்கே அழைத்து வரலாம். மணல் வடிகட்டும். களி தடுக்கும். எங்கள் ஊரில் அழுக்குநீர் பல அடி மணலில் ஊர்ந்து ஊர்ந்து போவதற்குள் கொஞ்சமாவது தெளியும். திறந்த வெடிப்புக்கு வடிகட்டத் தெரியாது. மேலே கொட்டியதை அப்படியே, வேகமாக, எதிர்பாராத திசையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததால் வழக்கானது. பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றுக்கு நிறமில்லை, வாசமில்லை. கைக்குழந்தைகளின் இரத்தத்தைத்தான் அது முதலில் பாதிக்கும். குடாநாட்டுக் கிணறுகளில் அது மிகுந்து வருவதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இத்தனை அடி இடைவெளி என்று விதி சொல்கிறது. நீர்வேலியில் பார்த்த அந்த வெடிப்பு ஒருவர் வளவோடு முடிந்துவிடுகிறதா என்ன? நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்பதைவிட, நடுவில் என்ன கல், எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் போடும் எந்த விதியும் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் 2024இல் திறந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் வெங்காயத்துக்கும் வாழைக்கும் அந்தத் தண்ணீர் வராது. அவை இந்தக் கல்லைத்தான் நம்பி நிற்கின்றன.

கடைசியாக மாஸ்டர் தம் ஊர்க் குளத்துக்குக் கூட்டிப் போனார். குடாநாட்டில் குளமும் கேணியும் ஏராளம். மாரி மழையைப் பிடித்துவைத்து, ஆறுதலாக உள்ளே இறக்கிவிடுவதற்காக முன்னோர் காத்தவை. பல தூர்ந்துவிட்டன, சில வீட்டுக் காணியாகிவிட்டன. இந்தக் குளத்தை ஊர்க்காரர்கள் காசு சேர்த்துத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். பெக்கோ ஒன்று கறுப்புச் சேற்றை அள்ளி அள்ளிக் கரையில் குவித்தது. ஓட்டுநர் இளைஞன், ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் நிறைய நிற்கும் என்று ஆசையாக இன்னும் இறக்கினான். மாஸ்டர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கிவிட்டார். அடிக்களியை ஒரு பிடி எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். வீதியில் வழிந்து வரும் வெள்ளத்தை வடிகட்டி அனுப்ப அந்த ஊரில் இருப்பது அந்த ஒரு சாண் களிதான்.

"தம்பி, உதோட காணும்! கல்லுத் தெரிய முதல் நிப்பாட்டு. களியில கை வைச்சியோ, வீதியில கிடக்கிறதெல்லாம் நேர உன்ர வீட்டுக் கிணத்துக்குத்தான் வரும்."

பெக்கோ நின்றது. களியை விட்டுவிட்டு, கரையோரம் எஞ்சியிருந்த சேற்றை அள்ளுவதற்கு அவன் வண்டியைத் திருப்பினான்.